போலி வெற்றிடம் எண்டு ஒரு வீடியோ பாத்திட்டு மகள் நித்திரை கொள்ளுறாள் இல்லை. ஆருக்கும் விளங்குமோ?

கூல்பார் அக்கா, மாங்குளம்:

எல்லாருக்கும் வணக்கம். வழமையா நான் இங்க மிளகாய் விலையும் பஸ் நேரமும் பாக்கத்தான் வாறனான். இண்டைக்கு வேற கேள்வி.

மகள் தரம் 9. போன கிழமை என்ர போனில ஒரு வீடியோ பாத்திருக்கிறாள். இந்த அண்டம் முழுக்க ஒரு 'போலி வெற்றிடத்தில' நிக்குதாம். அது எந்த நிமிசமும் உடையலாமாம். உடைஞ்சா ஒரு குமிழி ஒளியின்ர வேகத்தில பெருத்து வந்து பூமி, சூரியன் எல்லாத்தையும் துடைச்சுப் போடுமாம். அண்டு இரவு தொடங்கினது, இன்னும் விளக்கை நூக்க விடுறாள் இல்லை. "அம்மா, வெற்றிடம் எண்டா ஒண்டுமில்லாததுதானே. ஒண்டுமில்லாதது எப்பிடி உடையும்?" எண்டு கேக்கிறாள். நல்ல கேள்விதான், எனக்குத்தான் மறுமொழி தெரியாது. நான் ஏ.எல் வர்த்தகம். அதுவும் படிச்சதோட சரி, 2009 சோதினை எடுக்கிற வருசமாய் இருக்கேல்ல. படிப்பிக்கிற ஒராளைக் கேட்டுப் பாத்தன். "உது சிலபசில இல்லை" எண்டிட்டுப் போயிட்டார்.

என்னைப் பிடிச்சு வச்சிருக்கிறது வேற விசயம். அந்தக் குமிழி வாறது முதலே தெரியவே தெரியாதாம். நாங்கள் இடம்பெயர்ந்து திரிஞ்ச நேரம், தூரத்தில ஷெல் 'குத்துற' சத்தம் கேட்ட உடன எண்ணத் தொடங்குவம். எண்ணி முடிய முதல் பங்கருக்குள்ள இருக்கவேணும். எண்ண நேரம் கிடைச்சபடியாத்தான் இண்டைக்குக் கூல்பார் நடத்துறன். இதுக்கு எண்ணவும் ஏலாது எண்டா அது என்ன கணக்கு? மகளுக்கு இந்தக் கதை சொல்லேல்ல, சொல்லவும் மாட்டன். உங்களிட்டத்தான் கேக்கிறன். உது உண்மையோ, இல்லாட்டி வீடியோக்காரர் காசுக்குச் சொல்லுறதோ? உண்மையெண்டா எவ்வளவு கிட்ட நிக்குது?


முரசுமோட்டைப் பெடியன்:

அக்கா, காலபோகத்துக்கு அடைவு வச்ச நகையை இனி மீட்கத் தேவையில்லை எண்டு பாங்கில போய்ச் சொல்லலாமோ? குமிழி வாற திகதி தெரிஞ்சா இன்னும் நல்லம்.

பகிடிக்குச் சொன்னனான். பிள்ளையைப் பயப்படவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.


துலுசடி, இரணைமடுப் பக்கம்:

அக்கா, நான் கம்பசில பௌதிகம் படிச்சிட்டு இப்ப குளத்துத் துலுசு, அதுதான் மதகு, திறந்து பூட்டுற வேலை. படிச்சதுக்கும் பாக்கிற வேலைக்கும் சம்பந்தமில்லை எண்டு வீட்டில ஒரே புறுபுறுப்பு. இண்டைக்கு ரெண்டும் ஒண்டாச் சேருது, அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன்.

பிள்ளையின்ர கேள்வியில இருந்து வாறன். பௌதிகத்தில வெற்றிடம் எண்டா ஒண்டுமில்லாதது இல்லை. ஒரு இடத்தில இருந்து காத்து, தூசு, ஒளி, வெப்பம் எல்லாத்தையும் அள்ளி எடுத்தாலும் புலங்கள் மிஞ்சும். காந்தப்புலம் படிச்சிருப்பா, அந்தச் சாதிதான். எல்லாப் புலமும் அலையாமல் ஆகக் குறைஞ்ச சக்தியில அடங்கிக் கிடக்கிற நிலைக்குத்தான் வெற்றிடம் எண்டு பேர். குளம் வத்திப் போகேல்ல, அலையில்லாமல் கிடக்குது.

இந்த 'ஆகக் குறைஞ்ச' எண்டதுக்குள்ளதான் சூது. இரணைமடுவில நிக்கிற தண்ணி ஓடாது, பாத்தா இதுதான் அடி எண்டு தோணும். ஆனா குளக்கட்டுக்கு அங்கால நிலம் இன்னும் பள்ளம். கனகராயன் ஆத்தால இறங்கினா சுண்டிக்குளம் களப்பு வரைக்கும் போகும். தண்ணி தன்ர சுத்துவட்டாரத்துக்குள்ள ஆகப் பதிஞ்ச இடத்தில நிக்குது. முழுப் பிரதேசத்துக்கும் ஆகப் பதிஞ்ச இடம் அது இல்லை. இடையில நிக்கிறது கட்டு ஒண்டுதான். இப்பிடி நிக்கிற வெற்றிடத்துக்குத்தான் போலி வெற்றிடம் எண்டு பேர் வச்சவை. எனக்கு அந்தப் பேரில ஒரு மனக்குறை. கள்ள நோட்டு மாதிரி ஒண்டு எண்டு ஆக்கள் நினைக்கினம். அதுக்குள்ள இருக்கிற அணுவும் நட்சத்திரமும் நீங்களும் நானும் அசல்தான்.

கட்டைத் தாண்ட ரெண்டு வழி. ஒண்டு வான் பாயுறது. 2018 மார்கழி வெள்ளத்தில பாத்தனீங்கள்தானே, வான்கதவு திறந்த நேரம் தண்ணி என்ன செய்தது எண்டு. பௌதிகத்தில இது வெப்பத்தால தாண்டுறது. அண்டம் தொடக்கத்தில கொதிச்சுக்கொண்டு இருந்த நேரம் சரிவரக்கூடிய வழி. இப்ப அண்டம் நல்லாக் குளிர்ந்துபோச்சு. மற்ற வழி வயல்காரருக்குத் தெரியும், நண்டு வளை. இரவு மேல்வயலுக்குத் தண்ணி கட்டிப்போட்டு வந்து படுப்பம். விடிய எழும்பிப் போனா எங்கட வயல் சேறு தெரியக் கிடக்கும், கீழ்வயல்காரன் ஒண்டும் தெரியாதவன் மாதிரி வரம்பில நிப்பான். தண்ணி வரம்பை மேவேல்ல, வரம்புக்கு ஊடால போயிருக்கு. குவாண்டம் பௌதிகத்திலயும், எங்கட புத்தகத்தில சக்திச்சொட்டு எண்டு போடுவினம், தடையில ஏறிக் கடக்கச் சக்தி இல்லாத துணிக்கை ஊடறுத்து மற்றப் பக்கம் வந்து நிக்கிறது உண்டு. யுரேனியத்தில இருந்து அல்பாத் துணிக்கை வெளிய வாறது இப்பிடித்தான் எண்டு 1928 இலயே ஜோர்ஜ் காமோ காட்டிப்போட்டார். தனித் துணிக்கைக்குப் பதிலா ஒரு புலமே அப்பிடிக் கடந்தா என்ன நடக்கும் எண்டு 1977 இல சிட்னி கோல்மன் எண்ட அமெரிக்கர் கணக்குப் போட்டார். எங்கயோ ஒரு புள்ளியில ஒரு சின்னக் குமிழி பிறக்கும், குமிழிக்குள்ள மெய் வெற்றிடம், அதாவது கட்டுக்கு அங்கால இருக்கிற பள்ளத்து நிலை, பிறகு அது பெருக்கும். உடைப்பெடுத்த வாய்க்கால் மாதிரித்தான், தொடங்கினா நிக்காது. வீடியோக்காரர் சொன்ன குமிழி பொய் இல்லை அக்கா.

அப்ப எங்கட அண்டமும் அப்பிடி ஒரு குளமோ? கணக்குப் போடத் தேவையான எண் 2012 ஜூலை 4 ஆம் திகதிதான் கையில வந்தது, துணிக்கைகளை மோதவிட்டுப் பாக்கிற சேர்ன் ஆய்வுகூடத்தில ஹிக்ஸ் துணிக்கையை அறிவிச்ச அண்டு. அண்டம் முழுக்கப் பரவிக் கிடக்கிற ஹிக்ஸ் புலத்தின்ர துணிக்கை அது. அதின்ர திணிவு 125 ஜிகா இலத்திரன்வோல்ற்றளவு, ஒரு புரோத்தனைப் போல 130 மடங்குக்கு மேல. டொப் குவார்க் எண்டு இன்னொண்டு இருக்கு, அது 173 அளவு. இந்த ரெண்டையும் போட்டுப் பாத்தா, ஹிக்ஸ் புலம் இப்ப நிக்கிற பள்ளத்தை விட ஆழமான பள்ளம் ஒண்டு பெரிய கட்டுக்கு அங்கால இருக்கிற மாதிரித் தெரியுது. டொப் குவார்க் கொஞ்சம் இலேசாய் இருந்திருந்தா இந்தக் கதையே இல்லை. உறுதிச் சமநிலைக்கும் உறுதியில்லாச் சமநிலைக்கும் நடுவில ஒரு ஒடுங்கின கீற்றில நிக்கிறம்.

எவ்வளவு கிட்ட எண்டு கேட்டீங்கள். 2018 இல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து மூண்டு பேர் வெளியிட்ட கணக்கில, கட்டு உடைய எடுக்கிற காலம் 1 க்குப் பின்னால 139 சைபர் போட்ட வருசம். பிழையளவு எல்லாத்தையும் பாதகமாய் எடுத்தாலும், 95 வீத நம்பிக்கையோட, 58 சைபருக்குக் குறையாது. அண்டத்தின்ர இப்பத்தைய வயசு 1380 கோடி வருசம், அது வெறும் பதினொரு இலக்கம். 'எந்த நிமிசமும் உடையலாம்' எண்டது இலக்கணப்படி சரி. எந்த நிமிசமும் எங்கட வீட்டுக் கூரையில ஒரு யானை வந்து விழலாம் எண்டு சொல்லுறதும் இலக்கணப்படி சரி.

பிள்ளைக்கு எழுத்தில சொல்லி விளங்காது. உங்களிட்ட பிரீசர் இருக்குந்தானே? கடையில விக்கிற 500 மில்லிலீற்றர் தண்ணிப் போத்தல் மூண்டை சீல் உடைக்காமல் கிடத்தி வையுங்கோ. இன்னொரு பிளாஸ்ரிக் போத்தலில கிணத்துத் தண்ணி. கண்ணாடிப் போத்தல் மட்டும் வேண்டாம், வெடிக்கும். ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கால் மணிக்கு ஒருக்கா ஆட்டாமல் எட்டிப் பாருங்கோ. கிணத்துத் தண்ணி உறைஞ்சு, மற்றது தண்ணியாவே கிடக்கிற ஒரு நேரம் வரும். உறையவேண்டிய குளிரிலயும் உறையாமல் நிக்கிற அந்தத் தண்ணிதான் போலி வெற்றிடம் மாதிரி. அப்ப மெல்ல எடுத்து மேசையில ஒரு குத்து.


நெளுக்குளம் ரீச்சர்:

தம்பி துலுசடி, வடிவா எழுதியிருக்கிறீர். ஆனா உம்மட நண்டு வளையில ஒரு ஓட்டை. வளை எண்டது நண்டு கிண்டி வச்ச வழி, தண்ணி போக முதலே அங்க இருக்கிறது. புலத்துக்கு அப்பிடி ஒரு வழியும் கிடையாது. வரம்பு கீறல் இல்லாமல் முழுசா நிக்கேக்கயே கடக்குது. எப்ப எண்டும் சொல்ல ஏலாது, சராசரிதான் சொல்லலாம். மற்றது, கோல்மனை முதல் ஆளாக்கிப் போட்டீர். 1974 இலயே கோப்சரேவ், ஒகுன், வோலொஷின் எண்டு மூண்டு சோவியத்துக்காரர் இதை எழுதியிருக்கினம். குறை நினைக்காதையும், பிழையைக் கண்டா சிவப்புப் பேனை தானா எழும்புது.

மாங்குளம் தங்கச்சிக்கு நான் சொல்ல வந்தது குமிழியின்ர பருமனைப் பற்றி. வீடியோவில பிறந்த உடன பெருக்கிற மாதிரித்தான் காட்டுவினம். அப்பிடியில்லை. குமிழியின்ர உள்பக்கம் சக்தியை மிச்சம் பிடிக்குது, தோல் சக்தியைத் தின்னுது. மிச்சம் கனவளவோட கூடும், செலவு பரப்பளவோட கூடும். கடை நடத்துற உங்களுக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: வியாபாரம் சின்னனாய் இருக்கேக்க வாடகையே எல்லாத்தையும் தின்னும். சின்னக் குமிழி அப்பிடித்தான் சுருங்கிச் சாகும். ஒரு குறித்த ஆரைக்கு மேல பிறந்தாத்தான் வரவு செலவை மிஞ்சும். அவ்வளவு பெரிய குமிழி தற்செயலாய்ப் பிறக்கிறது எவ்வளவு அருமை எண்டதுதான் தம்பி போட்ட 139 சைபர்.

எண்ண ஏலாது எண்டது மெய். தோல் கிட்டத்தட்ட ஒளியின்ர வேகத்தில வரும், செய்தி கொண்டு வாற ஒளியும் அதோட ஒட்டித்தான் வரும். உள்ளுக்க இலத்திரனின்ர திணிவே வேற, எங்கட அணு ஒண்டும் அங்க நிக்காது. 1980 இல கோல்மனும் டி லூச்சியாவும் ஈர்ப்பையும் சேர்த்துப் பாத்தவை. உள்ளுக்க வெற்றிடச் சக்தி சைபருக்குக் கீழ போனா, அந்த உள்பக்கமும் நிலைக்காமல் இடிஞ்சு விழும். நோகுமோ எண்டு பிள்ளை கேட்டா, நோகாது. எங்கட நரம்பில செய்தி செக்கனுக்கு நூறு மீற்றர் மட்டில ஊருது, குமிழி மூண்டு லட்சம் கிலோமீற்றர்.

அடுத்ததா, சேர்ன்காரர் துணிக்கையை மோதவிட்டு இதைத் தொடக்கிவிடுவினமோ எண்டு கேப்பாள். 1983 இல பீற் ஹட், மார்ட்டின் றீஸ் எண்ட ரெண்டு பேர் இதை ஆராய்ஞ்சவை. அண்டக் கதிர்கள், அதாவது வான்வெளியில இருந்து வேகமாய் வாற துணிக்கைகள், கோடிக்கணக்கான வருசமா மோதிக்கொண்டுதான் இருக்கு. 1991 ஐப்பசியில அமெரிக்காவின்ர யூட்டாவில ஒண்டு பதிவாச்சு. அந்த ஒரு தனித் துணிக்கைக்குள்ள, ரெண்டரைக் கிலோக் கல்லை ரெண்டு மீற்றர் உயரத்தில இருந்து காலில போட்ட அளவு சக்தி. அது வளிமண்டலத்தில மோதின மோதலே சேர்ன் மோதலைப் போல ஐம்பது மடங்கு மட்டில வரும். போத்தலை எப்பவோ, எத்தினையோ தரம் குத்திப் பாத்தாச்சு. உறையேல்ல.


கூல்பார் அக்கா, மாங்குளம்:

ரீச்சருக்கும் துலுசடித் தம்பிக்கும் நன்றி. செய்து பாத்தம். நடந்ததைச் சொல்லுறன்.

சனிக்கிழமை விடியவே மகள் கொப்பி, பேனை, என்ர போனில அலாரம் எல்லாத்தோடயும் பிரீசருக்குப் பக்கத்தில கதிரை போட்டிட்டாள். கடைப் போத்தல் மூண்டு, கிணத்துத் தண்ணி ஒண்டு. எங்கட கிணறு சுண்ணாம்பு. கேத்திலைச் சுரண்டினா ஓடு ஓடாய் வரும். ஒன்பதே முக்காலுக்குப் பாத்தா கிணத்துத் தண்ணி அரைவாசி வெள்ளை. மற்ற மூண்டும் கண்ணாடி மாதிரிக் கிடக்குது. சரி எண்டு நிக்கேக்க ரியூசன் விட்ட பெடியள் ஐஸ்பக்கற் கேட்டு வந்திட்டாங்கள். எடுக்கப்போய் என்ர முழங்கை ஒரு போத்தலில பட்டுது. அது அங்கயே போச்சு. மகள் என்னோட பத்து நிமிசம் கதைக்கேல்ல.

ரெண்டாவதை அவள்தான் எடுத்தவள். மூடியை ரெண்டு விரலால பிடிச்சு, கோயிலில தீர்த்தம் கொண்டு வாற மாதிரி நடந்து வந்தாள். உள்ள ஒரு துளி ஐஸ் இல்லை, அங்கால சுவரில தொங்கின கலண்டர் தெரியுது. மேசையில ஒரு குத்து. அடியில ஒரு வெள்ளைப் புள்ளி வந்துது. அதில இருந்து ஊசி ஊசியாய்ப் பிரிஞ்சு, புகை ஏறுற மாதிரி மேல ஏறிக் கழுத்தில போய் நிண்டுது. குத்தின உடன அவள் வாய்விட்டு எண்ணத் தொடங்கிட்டாள், ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்ல. "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு." நாலில முடிஞ்சுது. நான் ஒண்டும் கதைக்கேல்ல. போய் அடுப்பில கிடந்த கேத்திலைத் திருப்பி வச்சன்.

மூண்டாவதை அவள் குத்த விடேல்ல. எவ்வளவு நேரம் உறையாமல் கிடக்கும் எண்டு பாக்கப் போறாளாம். நான் பின்பக்கம் போய் வாறதுக்குள்ள, ஏ9 ஆல போன ஒரு லொறிக்காரர் தண்ணி கேட்டிருக்கிறார், கடையில நிக்கிற பெடியன் அதைத் தூக்கிக் குடுத்திட்டான். மனிசன் மூடியைத் திருகிச் சரிச்ச உடன போத்தல் கையிலயே வெளுத்துப்போச்சு. "தங்கச்சி, என்ன மந்திரிச்ச தண்ணியோ உது?" காசைத் திருப்பிக் குடுத்தன்.

மகள் ரெண்டு கேள்வி எழுதித் தந்திருக்கிறாள், அப்பிடியே போடுறன். உறைஞ்ச போத்தலை அமத்திப் பாத்தா கல்லாய் இல்லை, கஞ்சி மாதிரி இருக்கு, ஏன்? அண்டம் இதுக்கு முதல் ஒருக்கா உடைஞ்சிருக்கோ?


துலுசடி, இரணைமடுப் பக்கம்:

லொறிக்காரரை நினைச்சு இரவு முழுக்கச் சிரிப்பு.

கஞ்சிக்கு மறுமொழி மறைவெப்பம். தண்ணி ஐஸ் ஆகேக்க வெப்பத்தை வெளிய விடும். போத்தல் சைபருக்குக் கீழ 6 பாகையில இருந்திருந்தா, ஏழெட்டு வீதம் உறைஞ்ச உடனயே விட்ட வெப்பத்தால முழுப்போத்தலும் சைபருக்கு ஏறிடும். மிச்சம் உறைய வழியில்லை. அண்டத்துக் குமிழி இந்த இடத்தில வேற மாதிரி. மிச்சம் பிடிச்ச சக்தி முழுக்கத் தோலைத் தள்ளத்தான் போகும். அதாலதான் அந்த வேகம்.

கிணத்துத் தண்ணி ஏன் முந்தினது எண்டு பிள்ளை கேக்கேல்ல, ஆனா அது முக்கியம். அழுக்கையும் சுண்ணாம்பையும் பிடிச்சுக்கொண்டுதான் ஐஸ் முளைக்கும். சுத்தத் தண்ணியைக் கவனமாய்க் குளிரவிட்டா சைபருக்குக் கீழ 40 பாகை மட்டும் கொண்டுபோகலாம். அண்டத்தில அப்பிடி ஒரு சுண்ணாம்பு இருக்கோ எண்டு தேடி, சின்னஞ்சிறு கருந்துளைகள் அந்த வேலையைச் செய்யலாம் எண்டு ரூத் கிரெகரியும் கூட்டாளிகளும் 2014 அளவில எழுதினவை. அந்தளவு சின்னக் கருந்துளை ஒண்டையும் இதுவரை ஒருத்தரும் காணேல்ல.

முதல் உடைஞ்சிருக்கோ எண்டது பொல்லாத கேள்வி. 1981 இல அலன் கூத் எண்டவர் அப்பிடித்தான் சொன்னவர்: தொடக்கத்தில அண்டம் ஒரு போலி வெற்றிடத்தில மாட்டுப்பட்டு நிண்டது. அந்தச் சக்தி இடம் விரிய விரிய ஐதாகாது, அதால அண்டம் கண்மூடித் திறக்கமுதல் இரட்டிச்சு இரட்டிச்சுப் பெருவீக்கம் எடுத்தது, பிறகு குமிழி குமிழியாய் உடைஞ்சது எண்டு. அதில ஒரு சிக்கல் எண்டு அவரே ஒத்துக்கொண்டவர். குமிழிகளுக்கு இடையில இடம் விரியிற வேகத்தில அவை ஒண்டோட ஒண்டு சேரவே சேராது. அடுத்த வருசம் லிண்டேயும், தனியா அல்பிரெக்ட், ஸ்ரைன்ஹார்ட் எண்டவையும், புலம் கட்டை உடைக்காமல் ஒரு சாய்வில மெல்ல உருண்டு இறங்கினது எண்டு மாத்திப்போட்டினம். அந்த வடிவத்தைத்தான் இப்பவும் கனபேர் எடுக்கினம்.

மகளுக்கு இன்னொண்டு. 2024 இல இத்தாலியில ட்ரெண்டோ எண்ட இடத்தில சோடிய அணுக்களைத் தனிப்பூச்சியத்துக்கு, அதாவது அதுக்குக் கீழ குளிரவே ஏலாத வெப்பநிலைக்கு, கிட்டக் குளிர வச்சு, போலி நிலையில இருந்து மெய்நிலைக் குமிழி பிறக்கிறதைப் பாத்து அறிக்கை போட்டவை. அவவும் கிட்டத்தட்ட அந்த வேலைதான் பாத்திருக்கிறா, பிரீசர்தான் வேற.

இந்த 139 சைபரை நம்பிக் கடன் குடுத்திடாதேங்கோ. தெரிஞ்ச துணிக்கைகளை விட வேற ஒண்டும் இல்லை எண்டு எடுத்துப் போட்ட கணக்கு அது. கரும்பொருள் எண்டு ஏதோ இருக்கிறது தெரியும், என்னவெண்டு பிடிபடேல்ல. அது வந்து சேர்ந்தா கட்டு இன்னும் உயரலாம், பதியலாம், குளமே இல்லை எண்டும் ஆகலாம்.


முரசுமோட்டைப் பெடியன்:

அப்ப நகையை மீட்கத்தான் வேணும்.


கூல்பார் அக்கா, மாங்குளம்:

வாசிச்சுக் காட்டினன். விளக்கு நேற்றும் எரிஞ்சதுதான், ஆனா அது கொப்பியில எழுதுறதுக்கு. இப்ப பிரீசரில பன்னிரண்டு போத்தல் படுத்திருக்கு. வீட்டுக் கிணறு, பள்ளிக்கூடத்துக் கிணறு, மழைத்தண்ணி, கொதிச்சாறினது, சீனி போட்டது எண்டு ஒவ்வொண்டிலயும் பேர் ஒட்டியிருக்கிறாள். ஐஸ்பக்கற் வைக்க இடமில்லை, பெடியள் வந்து வந்து திரும்பிப் போறாங்கள். துலுசடித் தம்பி மாங்குளம் பக்கம் வந்தா கடைக்கு வரவேணும். தண்ணி இலவசம், ஆனா எந்தப் போத்தல் எண்டு மகளைக் கேட்டுத்தான் தருவன்.